வியாழக்கிழமைக் கட்டம்

நீங்கள் மூன்று பேரும் வாட்ஸப்பில் அனுப்பிய பாடக் குறிப்புகளைப் படித்தேன். மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் வெதர் பாடம். வெயில், மேகம், மழை, காற்று என்று நான்கு படங்கள், ஒரு பாட்டு, ஒரு விளையாட்டு, கடைசியில் சுவரில் மாட்ட ஒரு வாரத்துக்கான வெதர் சார்ட். நன்றாகத்தான் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. 'திருத்தம் இருந்தா சொல்லுங்க டீச்சர்' என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகு திருத்தம் சொல்வதில் எனக்கு ஆசை போய்விட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் சிவப்புப் பேனா பிடித்த கை, விட்டால் போதும் என்றிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்களில் ஒருவர் சார்ட்டைச் செய்து முடித்து போட்டோவும் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டங்கள். ஐந்திலும் படம் ஒட்டியாகிவிட்டது. போட்டோ வந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அதைப் பார்த்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உங்கள்மேல் கோபம் இல்லை. அதே சார்ட்டை நானும் செய்திருக்கிறேன். அதனால் என்ன நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன். இதை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உபதேசம் பண்ணும் தெம்பு எனக்கு இல்லை.

ஓய்வு பெற இன்னும் ஆறேழு வருஷம் இருந்த சமயம். அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி, ஆத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தார் ரோட்டின் ஓரத்தில் எங்கள் பள்ளி. வீடு சூரமங்கலத்தில், என் வீட்டுக்காரரின் ரயில்வே குவார்ட்டர்ஸ். காலையில் இரண்டு பஸ், சாயங்காலம் இரண்டு பஸ். முதல் மணி அடிக்கும்போதே பாதி உயிர் பஸ்ஸில் போயிருக்கும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நாம் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி களைப்பில் செய்கிறவைதான், கெட்ட எண்ணத்தில் செய்கிறவை இல்லை. அதனால் அவை சின்னத் தவறுகள் ஆகிவிடுவதும் இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து இரண்டாவது வாரம். திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் என் வகுப்புக்கு வந்து, வியாழக்கிழமை ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார், மூன்றாம் வகுப்பு இங்கிலீஷ்தான் பார்ப்பாராம் என்றார். தலைமையாசிரியர் நல்ல மனிதர். குரலை உயர்த்தத் தெரியாதவர். முந்தைய முறை வந்த யாரோ பார்வைப் புத்தகத்தில் 'வகுப்பறைச் சுவர்கள் வெறிச்சென்று உள்ளன' என்று எழுதிவிட்டுப் போனதிலிருந்து, சுவரில் காலி இடத்தைக் கண்டாலே எதையாவது ஒட்டச் சொல்லுவார்.

நான் மாட்டியிருந்த வெதர் சார்ட்டைப் பார்த்தார். திங்கட்கிழமைக் கட்டத்தில் மட்டும் சூரியன் இருந்தது. மற்ற நான்கும் காலி.

“வர்றவங்க கண்ணுல வெத்துக் கட்டம் படக் கூடாதுங்க டீச்சர். அஞ்சையும் ஒட்டிருங்க.”

“இன்னைக்குத் திங்கக்கெழமைதானுங்க சார்?”

“தை மாசத்துல என்ன பெருசா மாறிரப் போவுது? வெயில்தான். ஒட்டிருங்க.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. தை மாதம் எங்கள் பக்கம் காலையில் கொஞ்சம் பனி, அப்புறம் நாளெல்லாம் வெயில். மஞ்சள் ஜிகினாத் தாளில் இன்னும் நான்கு சூரியன் வெட்டினேன். செலோடேப் வெயிலுக்கு உரிந்துவிடும் என்று பசை போட்டே ஒட்டினேன். பதிவேடுகளை முன்கூட்டி எழுதி வைக்காத ஆசிரியர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். அந்த மாதிரிதான் இதுவும் என்று நினைத்தேன்.

அதோடு நிறுத்தவில்லை. அதிகாரி வரும் அன்றைக்குத் தடுமாறக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமையே ஒத்திகை ஆரம்பித்தேன். திங்கட்கிழமை முழுக்க என் வகுப்பு 'டுடே இஸ் தர்ஸ்டே, இட் இஸ் சன்னி' என்று கத்தியது. செவ்வாயும் அதையே கத்தியது. புதனும் அதேதான். இன்றைக்கு என்ன கிழமை என்பதே அந்தப் பிள்ளைகளுக்கு மறந்துபோயிருக்கும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு அது உழைப்பாகத் தெரிந்தது.

சார்ட்டின் பக்கத்தில் குச்சியோடு நின்று சொல்ல கனிஷ்காவைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஒல்லியான பிள்ளை, இரட்டைப் பின்னல், கணீரென்ற குரல். சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லுவாள். அவள் அப்பா போர்வெல் வண்டியில் வடக்கே போனால் வர மாதக்கணக்காகும். அம்மா கிழங்கு பிடுங்கும் கூலி வேலைக்குப் போவார். அதோடு குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் பிடித்து மக்காச்சோளம் போட்டிருந்தார். வருஷத்துக்கு அந்த ஒரு வெள்ளாமைதான்.

அந்த வாரம் அந்தச் சோளம் முழுவதும் எங்கள் பள்ளி காம்பவுண்டுக்கு வெளியே தார் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் களம் இல்லாதவர்களுக்கு ரோடுதான் களம். சனிக்கிழமை நாமக்கல்லில் இருந்து கோழித்தீவனத்துக்கு எடுக்கிற வியாபாரி வருவார். மணியைக் கடித்துப் பார்ப்பார், மூக்கில் வைத்துப் பார்ப்பார். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் வண்டியில் ஏற்ற மாட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் தினமும் அந்தச் சோளத்தை மிதிக்காமல் ஒதுங்கித்தான் பள்ளிக்குள் நுழைந்தேன். யாருடையது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

கனிஷ்கா மூன்று நாளும் வீட்டில் குச்சியைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைச் சொல்லிப் பழகியிருக்கிறாள். என்ன சொல்கிறாய் என்று அம்மா கேட்க, 'வியாழக்கிழமை வெயில்னு அர்த்தம்' என்றிருக்கிறாள். வியாழக்கிழமை விடிந்தபோது மேற்கே மேகம் கட்டியிருந்தது. அம்மா சோளத்தை மூடியிருந்த படுதாவைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று நின்றிருக்கிறார். பிரித்துக் காயப் போட்டுவிட்டால் அவர் கூலிக்குப் போய்விடுவார், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

“மேக்கால கருக்கலா கெடக்குதே பாப்பா. படுதாவப் பிரிக்கட்டுமா?”

“இன்னைக்கு வெயில்தாம்மா. டீச்சர் ஒட்டியிருக்காங்க.”

அந்த அம்மா படுதாவைப் பிரித்துச் சோளத்தைப் பரப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்துச் சுவரில் டீச்சர் ஒட்டியிருக்கிறார் என்றால் எங்கேயோ விசாரித்துத்தானே ஒட்டியிருப்பார்?

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். பின் பெஞ்சில் தலைமையாசிரியரோடு உட்கார்ந்தார். வானம் அதற்குள் நன்றாக இருட்டியிருந்தது. என் மேசை டிராயரில் மேகப் படம் ஒன்று இருந்தது. அதை எடுத்து வியாழக்கிழமைக் கட்டத்தில் சூரியனுக்கு மேல் ஒட்டியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலைகூட இல்லை. ஆனால் பிள்ளைகள் மூன்று நாளாகச் சன்னி என்றே பழகியிருக்கிறார்கள், இப்போது மாற்றினால் ஒருத்தன் சன்னி என்பான், ஒருத்தி க்ளவுடி என்பாள், எல்லாம் குளறுபடியாகும் என்று பயந்தேன். பாடத்தை ஆரம்பித்தேன்.

பாட்டு முடியும்போது மழை வந்தது. தூறல் கீறல் ஒன்றும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. எங்கள் கூரை சிமெண்ட் ஷீட். யார் பேசினாலும் கேட்காது. நான் சத்தமாகக் கேட்டேன், இன்றைக்கு வானிலை எப்படி இருக்கிறது என்று, இங்கிலீஷில்.

கனிஷ்கா குச்சியோடு நின்றிருந்தாள். சார்ட்டைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், சோளம்” என்றாள்.

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகவே கேட்டது. “சொல்லும்மா” என்றேன்.

“டீச்சர், எங்க சோளம்...”

“சொல்லு சாமி, பழகினத சொல்லு.”

அவள் குச்சியை வியாழக்கிழமைக் கட்டத்தில் வைத்தாள். உதடு அசைந்தது. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பின் பெஞ்சில் இருந்து அதிகாரி, பாவம், ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: “சத்தமா சொல்லு பாப்பா!”

கனிஷ்கா அழுகையை அடக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். “டுடே இஸ் தர்ஸ்டே! இட் இஸ் சன்னி!”

அதிகாரி சிரித்துவிட்டார். “வெளிய மழை கொட்டுது, உள்ள வெயிலடிக்குது போல!” என்றார். தலைமையாசிரியர் சிரித்தார், பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கனிஷ்கா குச்சியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். “கனிஷ்கா, உள்ள வந்து உக்காரு” என்றேன். அவள் நின்றாள். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பாடம் முடிகிற வரைக்கும், மழை கொஞ்சம் குறைகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சொல் பேச்சு கேட்கிற பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு இப்போது அதிகம் கவலை. முரட்டுப் பிள்ளையாக இருந்தால் அன்றைக்கு என்னை மீறி ஓடியிருக்கும், நாலு கூடையாவது அள்ளியிருக்கும்.

அதிகாரி 'நன்று' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போன பிறகு நான் வெளியே வந்தேன். அம்மா கிழங்குக் காட்டிலிருந்து ஓடி வந்திருந்தார். சேலையெல்லாம் சேறு. ரோடு அந்த இடத்தில் சரிவு. தண்ணீரோடு சோளம் பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஓர் அன்னக்கூடையால் அதை வழித்துக்கொண்டிருந்தார். கனிஷ்கா யூனிஃபார்ம் பாவாடையை மடித்துக் கட்டிக்கொண்டு கையால் அள்ளினாள். நான் குடையோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.

“நனையாதீங்க டீச்சர், உள்ள போங்க” என்றார் அந்த அம்மா. தன் சோளம் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் நனைவதைப் பற்றி அவர் கவலைப்பட்டார். கனிஷ்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மாலையில் பள்ளி விடுகிற நேரத்துக்கு அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணுமுங்க. மாட்டுத் தீவனத்துக்கு எடுக்குறவரு ஒருத்தரு இப்பவே ஈரத்தோட எடுத்துக்குறேங்கறாரு. அடிமாட்டு வெலைதான். நாளைக்கு நல்ல வெயிலு இருந்தா குடுக்க வேண்டாம், ஒரு பகல்ல உலத்திரலாம். பாப்பாவக் கேட்டா, வெள்ளிக்கெழமைக்கும் வெயிலுதான் ஒட்டியிருக்குங்குது. இன்னைக்கு மாதிரி ஆயிராதுல்லங்க?”

கேலி இல்லை. நான் முகத்தை உற்றுப் பார்த்தேன், துளிகூடக் கேலி இல்லை. ஒரு நாள் கணக்கு தவறிவிட்டது, அடுத்த நாளாவது சரியாக இருக்குமா என்றுதான் கேட்டார்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன்.

“அப்ப அது யாரு சொல்லி ஒட்டுறதுங்க?”

“யாரும் சொல்லல. நானேதான் திங்கக்கெழமை அஞ்சையும் ஒட்டிட்டேன்.”

நிஜமாகவே விளங்காமல் கேட்டார்.

“எதுக்குங்க?”

முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். யாரும் இவ்வளவு சின்னதாகக் கேட்டதில்லை. “பாக்க வர்றவங்களுக்காக” என்றேன். அவர் தலையை ஆட்டினார். “சரிங்க” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. எங்கள் சர்ச் பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பரிகாரமாக மாதாவிடம் மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவு மலிவாகத் தீர்கிற விஷயமா இது?

அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியரிடம் போனேன். பழைய ஐந்தாம் வகுப்பு அறை காலியாகக் கிடந்தது, இரண்டு ஃபேன் ஓடும். சோளத்தை அங்கே பரப்பிக்கொள்ளட்டும் என்றேன்.

“ஸ்கூல் ரூமுல சோளமா? யாராவது கேட்டா என்னங்க டீச்சர் சொல்றது?”

“நாம ஒட்டுன சூரியன நம்பித்தான் சார் அவங்க காயப் போட்டாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். ஒட்டச் சொன்னது யார் என்பது இருவருக்கும் ஞாபகம் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. டிராயரைத் திறந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். “நான் பஸ்ஸுக்குக் கெளம்பிட்டேன், எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று பையை எடுத்துக்கொண்டு போனார். வாசலைத் தாண்டியவர் திரும்பி வந்து, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு நாலு கூடை சுமந்து கொடுத்த பிறகுதான் பஸ்ஸுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை நாள் முழுக்க மூட்டமாகவே இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராக அந்த அறைக்கு அனுப்பினேன். சோளத்தில் கால் அளைந்து நடந்து கிளறிவிட்டார்கள். பாதி நேரம் கரண்ட் இல்லை. அன்றைக்கு நான் ஒத்திகை பார்க்காத வெதர் பாடம் ஒன்று நடந்தது. அரை மணிக்கு ஒரு பிள்ளை முற்றத்துக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். க்ளவுடி. க்ளவுடி. இன்னமும் க்ளவுடி. கனிஷ்கா மட்டும் போக மாட்டேன் என்றுவிட்டாள். குச்சியையும் அதற்குப் பிறகு பல மாதம் தொடவில்லை.

சனிக்கிழமை வியாபாரி வந்தார். கடித்தார், முகர்ந்தார், பாதிக்கும் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கிவிட்டார். மீதியை எடுத்துக்கொண்டார். இவ்வளவாவது தேறியதே என்று என்னிடம் பலர் சொன்னார்கள். அந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை. அந்த வருஷம் குத்தகைப் பணம் கட்ட முடியாமல் அந்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. மறு வருஷம் வேறு ஒருவரிடம், அதைவிடச் சின்னதாக ஒரு துண்டு பிடித்தார்.

திங்கட்கிழமை அந்தச் சார்ட்டைக் கழற்றி உட்கார்ந்து சுரண்டினேன். பசை போட்டு ஒட்டியது, அட்டையோடு பிய்ந்தது. அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரே சட்டம்தான். ஒரு பிள்ளை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் கட்டத்தில் படம் ஏறும். நாளைய கட்டம் காலியாகத்தான் இருக்கும். அடுத்த வருஷம் வேறோர் அதிகாரி வந்து வானிலை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, மொத்த வகுப்பும் எழுந்து வாசலுக்கு ஓடியது. 'ஒழுங்கு தேவை' என்று எழுதிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அதனால் உங்கள் பாட்டு இருக்கட்டும், படங்கள் இருக்கட்டும், விளையாட்டும் இருக்கட்டும். புதன், வியாழக்கிழமைக் கட்டங்களில் இருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமையில் இருப்பதையும் எடுத்துவிடுங்கள். சுவரில் வெற்றிடத்தைப் பார்த்து யாராவது குறை எழுதினால் எழுதட்டும். அந்த மை ஒருவரையும் நனைக்காது.

இன்னொன்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன். மறு வருஷம் தை மாதம் அந்த அம்மா அதே ரோட்டில் சோளம் கொண்டுவந்து கொட்டினார். கனிஷ்கா அப்போது நான்காம் வகுப்பு, என் வகுப்புக்குப் பக்கத்து அறை. நான் வராந்தாவில் நின்றிருந்தேன். அம்மா படுதாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு காம்பவுண்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் கண் என்மேல் பட்டது. கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் 'தெரியாதும்மா' என்று இந்த முறை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தயாராக நின்றேன்.

“பாப்பா!” என்று என்னைத் தாண்டிக் கூப்பிட்டார். “பிரிக்கட்டுமா?”

கனிஷ்கா வகுப்பிலிருந்து ஓடி வந்தாள். முற்றத்தின் நடுவில் நின்று நாலாப் பக்கமும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

“இப்ப வெயிலுதாம்மா. அப்புறம் தெரியாது. நீ எங்கயும் போவாத, பக்கத்துலயே இரு!”

அம்மா சரி என்று படுதாவைப் பிரித்தார். அன்றைக்கு அவர் கூலிக்குப் போகவில்லை, சாயங்காலம் வரை சோளத்தின் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். நான் அங்கிருந்து ஓய்வு பெற்று வருகிற வரைக்கும் எப்போது என்னைக் கண்டாலும் கும்பிடுவார். என்னிடம் எதுவும் கேட்டதில்லை.